பால்கனி ஒழுகினால் முதலில் வாட்டத்தைப் பாருங்கள்

பால்கனிக்குக் கீழே உள்ள அறையின் மேற்கூரையில் மஞ்சள் கறை தெரிந்ததும், அல்லது பால்கனியின் அடிப்பக்கத்தில் பெயின்ட் பொரிந்து உதிர ஆரம்பித்ததும், பெரும்பாலோர் செய்வது ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு டப்பா வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் வாங்கி வருவதுதான். மேஸ்திரியும் அதையே சொல்வார். மேலே இரண்டு கோட் அடித்துவிட்டால் போதும் என்பார். அடுத்த இடவப்பாதி மழை வரை நிம்மதி. பிறகு கறை அதே இடத்திலோ ஓரடி தள்ளியோ மறுபடி வரும். பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் இருக்கும் கான்கிரீட் வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த அத்தியாயம் ஒரே ஒரு வாதத்தை முன்வைக்கிறது. பால்கனி ஒழுக்கை நிறுத்துவது முதலில் தண்ணீரை வெளியே அனுப்பும் வேலை. அதைத் தடுக்கும் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. தரையின் வாட்டம், தண்ணீர் வெளியேறும் துளை, தளத்தின் விளிம்பு, தளமும் சுவரும் சேரும் மூலை ஆகிய நான்கும் ஒழுங்காக இருக்கும் பால்கனியில் சாதாரணப் பூச்சே பல வருடம் தாங்கும். இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் விலை உயர்ந்த பூச்சுகூட இரண்டு மழைக்காலத்தைத் தாண்டுவது கடினம்.

இந்த வாதத்துக்கு முதல் சாட்சி இந்த ஊர்களின் மழையும் காற்றும்தான். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ஜூன் 1 வாக்கில் தொடங்கி செப்டம்பர் வரை நீடிக்கும். அக்டோபர், நவம்பரில் துலா வர்ஷம் பிற்பகல் இடியோடு வரும். ஆனால் தமிழ்நாட்டு எல்லையோரத்தில் மழை எங்கும் ஒரே மாதிரிப் பெய்வதில்லை. மூணாறில் வருடத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. மலைக்கு மறுபக்கம் மழை மறைவில் கிடக்கும் சின்னாறில் 500 மி.மீ. அளவுதான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் மேற்குக் கேரளத்தைவிட மழை குறைவு, ஆனால் வெயில் கடுமை. பாலக்காட்டில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவாக இருப்பது காற்று. பாலக்காட்டுக் கணவாயில் கஞ்சிக்கோட்டிலும், கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான் மழையைச் சாய்த்து பால்கனிக் கதவின் அடியில் கொண்டுவந்து அடிக்கிறது. ஆக, இங்கே பால்கனித் தளத்தில் விழும் தண்ணீரை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. சுவரில் அடித்து வழிந்து தளத்துக்கு இறங்கும் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018-இல் ஜூன் தொடக்கம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை கேரளம் முழுவதற்கும் மழை வழக்கத்தைவிட 42 சதவீதம் கூடுதல் என்றால், இடுக்கியில் அது 92 சதவீதம் கூடுதல். அப்படிப்பட்ட வருடத்தில் ஒரு பால்கனி வாரக்கணக்கில் காயாமலே கிடக்கும். வழக்கமான வருடத்தில் தப்பித்த சிறு விரிசல்கூட அந்த வருடத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

இதே மழையில் நம் பழைய வீடுகள் எப்படி நின்றன என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கல்பாத்தி அக்ரஹாரத்து ஓட்டு வீட்டிலும் மலையடிவாரத்து ஓட்டு வீட்டிலும் எந்த ரசாயனப் பூச்சும் கிடையாது. ஓடு தானே ஓரளவு தண்ணீரை உறிஞ்சும் பொருள்தான். ஆனாலும் உள்ளே சொட்டவில்லை. காரணம், விழுந்த துளி நிற்க அங்கே இடமில்லை. கூரையின் சாய்வு அதை உடனே கீழே தள்ளியது; நீண்ட இறவாரம் அதைச் சுவருக்கு வெகுதூரம் தள்ளிக் கொட்டியது. தட்டைக் கூரை போட்ட தமிழ்நாட்டுப் பக்கத்து வீடுகளில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கடுக்காய்த் தண்ணீர் விட்டு இடித்து, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். அந்தச் சுண்ணாம்புத் தளமும் வாட்டத்தோடுதான் போடப்பட்டது. கான்கிரீட் வந்த பிறகு தளம் தானே தண்ணீர் புகாதது என்ற நம்பிக்கை வந்தது, சாய்வு மறைந்தது, இறவாரம் சுருங்கி ஓரடி சன்ஷேடாயிற்று. கான்கிரீட்டின் மீது எனக்கு வெறுப்பில்லை. அது செய்யாத வேலையை அதன் தலையில் ஏற்றினோம் என்பதுதான் என் வருத்தம்.

கான்கிரீட் தண்ணீருக்கு எவ்வளவு பயப்பட வேண்டியது என்பதை நம் நாட்டு விதியே சொல்கிறது. ஐ.எஸ். 456 என்ற 2000-ஆம் ஆண்டுக் கான்கிரீட் விதித்தொகுப்பு, கடும் மழையில் நனையும், நனைந்து காய்ந்து மாறிமாறி வரும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்ற வகையில் வைக்கிறது. அந்த வகைக்குக் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் வேண்டும், கலவை எம்30 தரத்துக்குக் குறையக் கூடாது. வீட்டுக்குள் இருக்கும் தளத்துக்குப் போதுமான 20 மி.மீ. கவர் பிளாக்கையும் எம்20 கலவையையும் வைத்தே பால்கனியையும் சேர்த்து வார்த்துவிடுகிறோம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மைதான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. மழைத் தண்ணீரும் காற்றில் உள்ள கரியமில வாயுவும் வருடக்கணக்கில் உள்ளே போகப் போக அந்தக் காரம் குறைந்து, கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கம்தான் அடிப்பக்கத்துக் கான்கிரீட்டைப் பாளம் பாளமாகப் பிளந்து தள்ளுகிறது. அதாவது கீழே பூச்சு உதிர்வது நோயின் கடைசிப் படி. முதல் படி மேலே, யார் கண்ணிலும் படாமல் டைல்ஸுக்கு அடியில் தேங்கிய தண்ணீர்.

தண்ணீர் எங்கே புகுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். டைல்ஸ் மேல் தேங்கிய தண்ணீர் டைல்ஸ் வழியாகப் போவதில்லை. டைல்ஸ்களுக்கு இடையே உள்ள க்ரௌட் வழியாகப் போகிறது. சாதாரணச் சிமென்ட் க்ரௌட் தண்ணீரை விடத்தான் செய்யும். அது அடியில் உள்ள கலவைப் படுக்கையில் இறங்கி, வாட்டம் இல்லாததால் அங்கேயே கிடந்து, வெயிலில் மேலே வரும்போது உப்புப் பூக்கும். கீழே இறங்கும்போது கறையாகும். கைப்பிடிக் கம்பி நடப்பட்ட இடம் இரண்டாவது. கம்பிக் கால் தளத்தில் துளையிட்டு இறக்கப்பட்டிருந்தால், அந்தத் துளையைச் சுற்றி வெறும் சிமென்ட் பூசியிருப்பார்கள். கம்பி வெயிலில் விரிந்து சுருங்கும்போது அந்தச் சிமென்ட் வளையம் முடிக்கனத்துக்கு விட்டுப் போகும். முடிக்கனம் போதும். கதவு நிலையின் அடிப்பகுதி மூன்றாவது. அறைத் தரையும் பால்கனித் தரையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கும் வீடுகளில், காற்றோடு வரும் சாரல் நிலைக்கு அடியில் புகுந்து அறைக்குள்ளேயே வந்துவிடும். அதைத் தள ஒழுக்கு என்று தவறாக நினைத்து டைல்ஸை உடைப்பவர்கள் உண்டு. சித்தூரின் கிழக்குப் பக்கத்துக் கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளுக்கு நான்காவதும் உண்டு. மண் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும்போது சுவரும் தளமும் சேரும் கோட்டில் விரிசல் விடும், பருவத்துக்கு ஏற்பத் திறக்கும், மூடும்.

ஐந்தாவதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மழை விடாமல் பெய்யும்போது பால்கனிக்கு வெளியே நின்று அதன் விளிம்பை அண்ணாந்து பாருங்கள். முகப்பில் வழிந்து வரும் தண்ணீர் கீழ் விளிம்பில் நேராகச் சொட்டாது. விளிம்பைப் பற்றிக்கொண்டு, அடிப்பக்கத்தில் ஒட்டியபடியே உள்ளே ஓடும்; ஒரு சாண், இரண்டு சாண் தாண்டிச் சுவர்வரைகூடப் போய், அங்கே சுவரில் இறங்கும். மேலே தளத்தில் ஒரு விரிசலும் இல்லாத பால்கனியின் அடிப்பக்கம் பச்சைப் பாசி பிடித்துப் பெயின்ட் உரிவது இப்படித்தான். இதற்கு மருந்து, விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே, அடிப்பூச்சில் நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம். 10 மி.மீ. அகலமும் 10 மி.மீ. ஆழமும் போதும். தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். புதிதாகப் பூசும்போது ஒரு மரச்சட்டத்தை வைத்து எடுத்தால் பள்ளம் வந்துவிடும். பழைய பால்கனியில் கான்கிரீட்டை வெட்டக் கூடாது, கம்பி அருகில் இருக்கும்; அதற்குப் பதிலாக அலுமினியம் அல்லது பி.வி.சி. எல்-பட்டை ஒன்றை விளிம்பில் கீழ்நோக்கி நீட்டி ஒட்டினால் அதே வேலை நடக்கும். மூணாறு, வட்டவடை போன்ற இடங்களில் இந்த ஒரு பட்டை மட்டுமே தீர்த்துவைக்கும் ஒழுக்குகள் இருக்கின்றன. அங்கே தளத்தை உடைப்பது வீண் செலவு.

ஆகவே உடைப்பதற்கு முன் சோதனை. வெளியேறும் துளையைத் துணியாலும் களிமண்ணாலும் அடைத்து, பால்கனித் தரையில் 25 மி.மீ. தண்ணீர் கட்டுங்கள், வாசல் பக்கம் கதவு நிலைக்குக் கீழே ஒரு சிறு கலவை வரப்பு போட்டுக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 25 கிலோ எடைதான், நல்ல தளத்துக்கு இது பாரமே இல்லை. தண்ணீர் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். இதோடு ஒரு காரியம் சேர்த்துச் செய்ய வேண்டும். அதே உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பிய ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசினை அதே பால்கனியில் வையுங்கள், அதிலும் குறி போடுங்கள். கணவாய்க் காற்றில் தண்ணீர் ஆவியாகும் வேகம் அதிகம். பேசின் இல்லாமல் பார்த்தால் ஆவியானதையெல்லாம் ஒழுக்கு என்று எண்ணிவிடுவோம். 48 மணி நேரம் கழித்து இரண்டு குறிகளையும் ஒப்பிட்டால், தரையில் குறைந்தது பேசினில் குறைந்ததைவிட எவ்வளவு கூடுதலோ அதுதான் ஒழுக்கு. கூடுதலே இல்லை, கீழே ஈரமும் வரவில்லை என்றால் தளம் குற்றமற்றது. அடுத்து தண்ணீரை வடித்துவிட்டு, ஹோஸ் பைப்பை வைத்துக் கைப்பிடிச் சுவரின் அடியில் அரை மணி, பிறகு கதவு நிலையில், பிறகு மேல் சுவரில் என்று கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தை நனைத்ததும் கீழே ஈரம் தெரிகிறதோ அதுவே வாசல். மழையே இல்லாத நாளிலும் கறை ஈரமாக இருந்தால் பால்கனியை விட்டுவிட்டு அருகில் உள்ள பாத்ரூம் குழாயைச் சந்தேகியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பால்கனி பெரும்பாலும் சுவரிலிருந்து வெளியே நீட்டிய தளம்; கீழே தூண் கிடையாது. அதைத் தாங்கும் முக்கியக் கம்பி தளத்தின் மேல்பக்கத்தில் இருக்கிறது, கீழ்ப்பக்கத்தில் இல்லை. ஆகையால் மேல்பக்கத்தில், சுவரை ஒட்டி, நீளவாக்கில் ஓடும் விரிசல் வெறும் ஒழுக்கு விரிசல் அல்ல. தண்ணீர் நேராக அந்த முக்கியக் கம்பியைத்தான் நனைக்கிறது. நீட்டுத் தளம் உடைவதற்கு முன் அதிக எச்சரிக்கை கொடுக்காது. அப்படி ஒரு விரிசல் இருந்தாலோ, வெளி விளிம்பு தொங்கியது போலத் தெரிந்தாலோ, அடியில் கம்பி வெளியே தெரிந்தாலோ தண்ணீர் கட்டிச் சோதிக்க வேண்டாம். பூந்தொட்டி, வாஷிங் மெஷின், தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கீழே யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டு, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவரை அழையுங்கள். அது மேஸ்திரி முடிவு செய்யும் விஷயமும் அல்ல, இந்தப் புத்தகம் தீர்க்கும் விஷயமும் அல்ல.

இனி வேலைக்கு வருவோம். வாட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கால் மணி காத்திருந்தால் போதும். எங்காவது ஒரு ரூபாய் நாணயம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் வாட்டம் கெட்டிருக்கிறது. மீட்டருக்கு 10 மி.மீ. சரிவு என்பது குறைந்தபட்சம். டைல்ஸ் பதித்த பால்கனிக்கு, அதுவும் மூணாறு, பீர்மேடு போன்ற இடங்களில், மீட்டருக்கு 15 மி.மீ. வைப்பது நல்லது. நாலடி அகலப் பால்கனியில் சுவரோரத்துக்கும் வெளி விளிம்புக்கும் இடையே 18 மி.மீ. வித்தியாசம் வரும், நடந்தால் காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். சரிவு எப்போதும் சுவரிலிருந்து வெளிப்பக்கமும், பிறகு துளையை நோக்கியும் இருக்க வேண்டும். டியூப் லெவல் பிடித்துக் குறித்துவிட்டுத்தான் கலவை போட வேண்டும், கண்ணளவு ஆகாது. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: பழைய டைல்ஸை உடைக்காமல் அதன்மேலேயே கலவை போட்டு, அதன்மேல் புது டைல்ஸ் பதிக்கிறார்கள். ஒவ்வொரு 25 மி.மீ. கலவையும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோவுக்கு மேல் ஏற்றும். மொட்டைமாடிக்குப் போடும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்தை 75 மி.மீ. கனத்தில் பால்கனிக்கும் போட்டால் அது 130 கிலோவை நெருங்கும். நீட்டுத் தளத்துக்கு அந்தப் பாரம் வேண்டாம். பழையதை உடைத்து எடுத்துவிட்டு, வெளி விளிம்பில் 20 மி.மீ. வரை மெலிந்து வரும் ஒற்றைப் படுக்கையே போதும். உடைப்பவர் கையுளியும் சுத்தியலும்தான் எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் சுவரோரத்தில் இறங்கினால் மேல்கம்பியைத் தொட்டுவிடும். கலவைக்கு அலசிய எம்-சாண்ட் வாங்குங்கள். மலைப்பகுதியில் விலை குறைவு என்று பாறைப்பொடியைக் கலந்தால், அதில் உள்ள மாவு கூடுதல் தண்ணீர் கேட்கும், காய்ந்ததும் வலைவலையாக வெடிக்கும்.

வெளியேறும் துளையைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள பால்கனியில் மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கனமழை பெய்தால் 480 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 8 லிட்டர். சுவரில் அடித்து இறங்குவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். சுத்தமான இரண்டங்குலக் குழாய் இதைச் சுலபமாக விழுங்கும். ஆனால் குழாய் சுத்தமாக இருப்பதில்லை. தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் சில்வர் ஓக் இலை, சமவெளியில் புளிய இலைச் சருகு என்று ஏதாவது ஒன்று வந்து அடைக்கும். எனவே மூன்றங்குலக் குழாய் வையுங்கள், வாயில் தட்டையான ஜாலி வேண்டாம், மேல்நோக்கிக் குவிந்த ஜாலி வையுங்கள். கைப்பிடிச் சுவர் அடைத்துக் கட்டிய பால்கனியானால், கதவு நிலையின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு அவசரத் துளையும் கட்டாயம் வேண்டும். முதல் துளை அடைத்த இரவில் தண்ணீர் படுக்கையறைக்கு வராமல் அது காப்பாற்றும். துளையிலிருந்து வெளியே நீட்டும் குழாய் ஒரு சாணுக்குக் குறைந்தால், காற்று அந்தத் தண்ணீரைத் திருப்பிச் சுவரில்தான் அடிக்கும்.

இத்தனையும் ஆன பிறகுதான் பூச்சு. இங்கேயும் எந்தப் பூச்சு என்பதைவிட எங்கே, எந்த நிலையில் அடிக்கிறோம் என்பது முக்கியம். தளமும் சுவரும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல், பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் கைவிரல் மடக்கினாற்போல் வளைத்துவிட வேண்டும். அந்த வளைவின் மேல் ஃபைபர் மெஷ் ஒட்டி, பூச்சைச் சுவரில் குறைந்தது 150 மி.மீ. ஏற்ற வேண்டும். கைப்பிடிக் கம்பிக் கால்களைச் சுற்றியும், குழாய் வாயைச் சுற்றியும் சிமென்ட் கூடாது. இழுபடும் தன்மையுள்ள பாலியூரித்தேன் (பி.யூ.) சீலன்ட் வேண்டும். இழுபடுவது ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கான்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ நூறில் ஒரு மி.மீ. விரியும். ஆறு மீட்டர் பால்கனி மீனாட்சிபுரத்து மே மாத வெயிலில் காய்ந்திருக்கும்போது ஒரு கோடைமழை கொட்டி 30 டிகிரி இறங்கினால், அது 1.8 மி.மீ. சுருங்கும். வெறும் சிமென்ட் பால் அந்த அசைவைத் தாங்காது. தரைப் பரப்புக்கு, பொடியும் திரவமுமாக இரண்டு பகுதியாக வரும் பாலிமர் சிமென்ட் பூச்சு நம் வீடுகளுக்குப் பொருத்தமானது. முதல் கோட் ஒரு திசை, அடுத்த கோட் குறுக்குத் திசை. சித்தூர்ப் பக்கம் தளம் சூடாக இருக்கும்போது அடித்தால் பூச்சு பிடிப்பதற்குள் உலர்ந்து தூளாகும், ஆகவே தளத்தை நனைத்து ஆறவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். இடுக்கியில் சிக்கல் நேர்மாறானது. அங்கே ஈரம் முழுதாக வற்றுவதே இல்லை, பி.யூ. பூச்சை ஈரத் தளத்தில் அடித்தால் அடியில் மாட்டிய ஈரம் ஆவியாகிக் கொப்புளம் விடும். பாலிமர் சிமென்ட் பூச்சு ஈரம் கசிந்த தளத்தையும் பொறுத்துக்கொள்ளும், தண்ணீர் நிற்காமல் இருந்தால் போதும். மலையில் ஜனவரி முதல் மார்ச் நடு வரை, சமவெளியில் ஏப்ரல் வரை என்று காலத்தைக் கணக்கிட்டு வேலை வையுங்கள். பூச்சு முழுதாகக் காய்ந்ததும் மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, தேறிய பிறகே டைல்ஸ்.

இவ்வளவு எதற்கு, கீழிருந்து மேற்கூரைக்கு ஒரு வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தால் கறை மறைந்துவிடுமே என்பது நான் அதிகம் எதிர்பார்க்கும் கேள்வி. மறையும். அதுதான் ஆபத்து. மேலிருந்து வரும் தண்ணீர் நிற்கவில்லை. வெளியேறும் வழி மட்டும் அடைபட்டது. அது தளத்துக்குள்ளேயே கிடந்து கம்பியை நனைத்துக்கொண்டிருக்கும், நாம் வெள்ளைச் சுவரைப் பார்த்து நிம்மதியாக இருப்போம். மேல்வேலை முடியாமல் கீழ்வேலை செய்யக் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. மேல்வேலை முடிந்த பிறகும் தளம் காய ஒரு கோடையாவது கொடுத்துவிட்டுக் கீழே பெயின்ட் அடியுங்கள்.

டைல்ஸை உடைக்காமல் இடுக்குகளுக்கு மட்டும் எபாக்சி க்ரௌட் போட்டால் போதாதா என்றும் கேட்கலாம். வாட்டம் சரியாக இருந்து, டைல்ஸைத் தட்டினால் எங்கும் பொள்ளல் ஓசை வராமல் இருந்தால், போதும். பழைய க்ரௌட்டை முழு ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சியை நிரப்பினால் நல்ல பலன் கிடைக்கும். வாடகை வீட்டில் இருப்பவருக்கும் இந்த வருட மழைக்கு முன் உடைக்க முடியாதவருக்கும் இதையே சொல்வேன். பொள்ளல் ஓசை வரும் டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் ஏற்கெனவே குளம் கட்டியிருக்கும். அதை மேலே மூடிவிட்டால் வற்ற வழியில்லை.

மூன்றாவது ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. கேரளம் முழுக்க மொட்டைமாடிக்கு மேல் ட்ரஸ் அடித்து ஷீட் போடுவது பழகிப்போனது. பால்கனிக்கும் அதையே செய்துவிட்டால் வாட்டமும் வேண்டாம், பூச்சும் வேண்டாம் அல்லவா? இதில் உண்மை இருக்கிறது. மேலே நீண்ட கூரை வருவது பழைய இறவாரத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான். மழை கனத்துப் பெய்யும் மூணாறில் இது எந்தப் பூச்சையும்விட நல்ல முதலீடு. ஆனால் அது செங்குத்தாக விழும் மழைக்குத்தான் விடை. ராமக்கல்மேட்டிலும் வாளையாரிலும் சாய்ந்து வரும் சாரல் ஷீட்டுக்கு அடியில் புகுந்து தளத்தை நனைக்கும், அந்தத் தண்ணீருக்கு வாட்டம் வேண்டும். மேலும் ட்ரஸ் கால்களைத் தளத்தில் போல்ட் போட்டு இறக்கினால் புதிதாக நான்கு துளை போட்டவர்களாவோம். கால்களைச் சுவரிலிருந்து தாங்கு கம்பி கொடுத்து நிறுத்துங்கள். ஷீட் விளிம்பு பால்கனி விளிம்பைத் தாண்டி ஓரடியாவது நீண்டிருக்கட்டும். காற்று தூக்காதபடி அதன் பிடிப்பை ஒரு தச்சரோ வெல்டரோ மட்டும் தீர்மானிக்காமல், காற்று அழுத்தத்தைக் கணக்கிடத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பத்து வருட கேரண்டி கார்டு கையில் இருக்கும்போது இதையெல்லாம் ஏன் பார்க்க வேண்டும் என்பவர்கள் அந்தக் கார்டின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். கேரண்டி பெரும்பாலும் பொருளுக்கு. கூலிக்கும், உடைத்த டைல்ஸுக்கும் கிடையாது. தண்ணீர் தேங்கக் கூடாது, தளத்தில் விரிசல் இருக்கக் கூடாது, பரப்பு முறையாகத் தயார் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் பெரும்பாலும் இருக்கும். அதாவது வாட்டம் கெட்ட பால்கனியில் கேரண்டி அடித்த அன்றே செல்லாததாகிவிடுகிறது. எனவே கார்டைவிட ஒப்பந்தச் சீட்டில் கவனம் வையுங்கள். மேஸ்திரியோ கான்ட்ராக்டரோ யாராக இருந்தாலும், மீட்டருக்கு எத்தனை மி.மீ. வாட்டம், பூச்சு சுவரில் எவ்வளவு உயரம், எத்தனை கோட், டைல்ஸுக்கு முன் 48 மணி நேரத் தண்ணீர்ச் சோதனை என்ற நான்கு வரிகளை எழுதி வாங்குங்கள். கூலியில் ஒரு பங்கைச் சோதனை தேறிய பிறகும், இன்னொரு சிறு பங்கை ஜூலை மாத மழை பார்த்த பிறகும் தருவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். அதன்பின் வீட்டுக்காரர் வேலை வருடத்துக்கு இருமுறைதான். மே கடைசியிலும் துலா வர்ஷத்துக்கு முன் செப்டம்பர் கடைசியிலும் குழாய் ஜாலியைக் கழற்றிச் சருகை அள்ளிவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பாருங்கள். கம்பிக் கால்களைச் சுற்றியுள்ள சீலன்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டித்துப் பிளந்திருந்தால் அதை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாக நிரப்புங்கள்.